சங்கிலியின் கடைசிக் கண்ணி

நெய்வேலியில் ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் உண்டு. ஒரே சுரங்கத்தில் இறங்கி, ஒரே கன்வேயர் பெல்ட்டின் ஓரம் நின்று, ஒரே கரித்தூளைச் சுவாசிக்கிற இருவரில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளி, மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளி. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குவார்ட்டர்ஸ், மருத்துவமனை, பள்ளிக்கூடம், கல்யாணத்தில் கிடைக்கிற மரியாதை எல்லாமே அந்த ஒற்றை வார்த்தையில்தான் பிரிகின்றன.

கடந்த சில ஆண்டுகளாக மூன்றாவது சம்பளம் ஒன்றைப் பற்றி ஊர் பேசிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஷிப்ட் இல்லை, மேஸ்திரி இல்லை, கேட் பாஸ் இல்லை. உங்களுக்குக் கீழே ஐந்து பேரைச் சேர்த்துவிட்டால் போதும், தூங்கினாலும் செக் வரும் என்கிறார்கள். நேரடி விற்பனை, நெட்வொர்க் மார்க்கெட்டிங், எம்எல்எம் என்று பெயர்கள் மாறுகின்றன. சேர்ப்பதற்கு இங்கே வழங்கும் சொல் மட்டும் ஒன்றுதான்: "ஐடி போடுறது."

மந்தாரக்குப்பம் பக்கத்தில் ஒரு காலனியில் மாலை வகுப்பும் சிறிய படிப்பகமும் நடத்துகிறோம். பொறியியல் முடித்துவிட்டு அப்ரண்டிஸ் அழைப்புக்குக் காத்திருக்கும் தம்பிகளும், கல்லூரிக்குப் போகும் தங்கைகளும் எங்களிடம் கேட்பது இதைத்தான்: "இதுல சேரலாமா? இதுல நல்ல லீடர்னு ஒருத்தர் இருக்க முடியுமா?" முதல் கேள்விக்கு நிறையப் பேர் பதில் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது கேள்விதான் எங்களை யோசிக்க வைத்தது. தலைமை என்ற சொல்லை நாமும் பயன்படுத்துகிறோம், அவர்களும் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ஒன்றா?

இந்த ஊரில் ஏன் வேர் பிடிக்கிறது

என்எல்சி 1956இல் நிறுவனமாகப் பதிவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962இல் அனல்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. அந்த மின்சாரத்துக்காகக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. இழப்பீடு என்றாலும் வேலை என்றாலும் பேச்சு பட்டாவில்தான் தொடங்கியது. பட்டா உள்ளவருக்கு நிலம் போனது, அதற்கு ஒரு கணக்கு இருந்தது. அதே நிலத்தில் நாற்று நட்டும் முந்திரி பொறுக்கியும் கூலிக்கு வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிக்கு நிலம் இல்லாததால் அவர்கள் இழந்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஆனாலும் பொதுத்துறை என்பதால் இட ஒதுக்கீடு இருந்தது. அதன் வழியாக நம்மில் ஒரு தலைமுறை நிரந்தர வேலைக்குப் போனது. சேரியிலிருந்து வட்டத்துக்குக் குடிபோனவர்கள், பிள்ளைகளை ஊரார் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வைத்தவர்கள் அவர்கள். அடுத்த தலைமுறைக்கு அந்தக் கதவு ஒடுங்கிவிட்டது. ஒப்பந்தம், சொசைட்டி, அப்ரண்டிஸ் என்று வராந்தாவிலேயே வயதாகிறவர்கள் நிறையப் பேர். 2020 மே 7இலும் ஜூலை 1இலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது உயிரை விட்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட வேலையைச் செய்யும் கணவன் வீடு திரும்பும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் "உங்க வீட்டுக்காரர் இன்னும் எத்தனை நாளைக்கு இப்படிக் கஷ்டப்படணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது, கண்ணீர்தான் வரும். நெட்வொர்க் கூட்டங்களில் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

டவுன்ஷிப்பின் அமைப்பும் அவர்களுக்குத் தோதாக இருக்கிறது. வட்டம், தெரு, வீட்டு எண் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. சம்பளத் தேதி எல்லோருக்கும் தெரியும். சீட்டு, எல்ஐசி, தவணைப் புடவை என்று முகம் பார்த்து நடக்கும் வியாபாரம் இங்கே ஏற்கெனவே பழகியது. பண்ருட்டிப் பக்கமிருந்து கூடையில் பலாச்சுளையும் முந்திரியும் கொண்டுவந்து வீடு வீடாக விற்கிற அம்மாக்கள்தான் உண்மையில் இந்த ஊரின் முதல் நேரடி விற்பனையாளர்கள். அவர்களுக்கு மேலேயும் யாரும் இல்லை, கீழேயும் யாரும் இல்லை. சுளை இனிக்கவில்லை என்றால் மறுநாள் அதே வாசலில் திட்டு வாங்குவார்கள். பொருளுக்கும் விற்பவருக்கும் நடுவே மறைந்துகொள்ள இடமில்லாத வியாபாரம் அது. அந்த அம்மாக்களை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஓர் அக்காவின் நோட்டு

எங்கள் காலனியில் ஓர் அக்கா இருக்கிறார். பத்தாவது வரை படித்தவர். கணவர் சொசைட்டி தொழிலாளி. மகளிர் குழுவில் பல வருடங்களாக ஊக்குநர். பதினைந்து பெண்களின் சேமிப்பையும் கடனையும் ஒரு பைசா பிசகாமல் எழுதி வைத்தவர். ஒரு நிறுவனத்தின் ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்தபோது வேறெந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை, நேராக இவர் வீட்டுக்குத்தான் போனார்கள். அவர்கள் தேடி வந்தது அக்காவின் பேச்சுத் திறமையை என்று நாங்கள் நினைக்கவில்லை. பதினைந்து பெண்கள் அவர்மேல் வைத்திருந்த நம்பிக்கை அவர்களுக்குத் தேவைப்பட்டது.

அக்கா சேர்ந்தார். சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், சத்து மாவு டப்பா எல்லாம் வீட்டுக்கு வந்தன. சில மாதங்களில் அவருக்குக் கீழே பதினோரு பெண்கள் சேர்ந்தார்கள். அதில் நான்கு பேர் குழுக் கடனிலிருந்து பணம் எடுத்துப் பொருள் வாங்கியவர்கள்.

குழுக் கணக்கு எழுதிய அதே கையால் அக்கா இதற்கும் ஒரு நோட்டுப் போட்டார். கூட்டங்களில் யாரும் போடச் சொல்லித் தராத நோட்டு அது. ஒவ்வொரு பெண்ணும் எவ்வளவு கட்டினார், எவ்வளவு பொருள் வெளியே விற்றது, எவ்வளவு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று மூன்று பத்தி. ஆறாவது மாதம் அந்த மூன்றாவது பத்தியைக் கூட்டிப் பார்த்துவிட்டு, இனி யாருக்கும் ஐடி போடுவதில்லை என்று நிறுத்திக்கொண்டார். அவருக்கு வந்த கமிஷன் பெரும்பாலும் விற்ற சோப்பிலிருந்து வரவில்லை, அந்தப் பதினோரு பேர் கட்டிய பணத்திலிருந்து வந்தது என்பது நோட்டில் பச்சையாகத் தெரிந்தது.

மேலே இருந்தவர், அப்லைன் என்று சொல்லப்படுபவர், மாதக் கடைசியில் போன் செய்தார். "ரேங்க் விட்டுப் போயிடும்மா, இன்னும் ரெண்டு பேர்தான்" என்றார். அக்கா நோட்டைப் பற்றிச் சொன்னார். "உங்க மைண்ட்செட்டை மாத்துங்க. நெகட்டிவா யோசிக்கிறவங்க லீடர் ஆக முடியாது" என்று பதில் வந்தது. விற்காத பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதினார். திருப்பித் தரும் காலக்கெடு முடிந்துவிட்டது என்றார்கள்.

பதினோரு வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்ததையும் அக்கா தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஐந்து மாதம் மத்தியான நேரத்தில் வட்டம் வட்டமாக நடந்து, லாபம் வைக்காமல் வாங்கின விலைக்கே விற்றார். குழுக் கடன் எடுத்தவர்களுக்கு முதலில், மற்றவர்களுக்குப் பிறகு என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஐந்து மாதத்தில் நடந்த ஒன்றையும் எழுதியாக வேண்டும். ஒரு வீட்டில் சோப்பும் திரவமும் தயங்காமல் வாங்கினார்கள். சத்து மாவும் வாங்கினார்கள். பேச்சுவாக்கில் அக்கா எந்தத் தெரு என்று கேட்டார்கள், சொன்னார். மறுவாரம் சத்து மாவு டப்பா திரும்பி வந்தது. "வீட்ல யாரும் சாப்பிட மாட்டேங்குறாங்க" என்றார்கள். டப்பாவின் சீல் பிரிக்கப்படவே இல்லை. எங்கோ ஒரு தொழிற்சாலையில், எந்தெந்தச் சாதிக் கைகளோ செய்த மாவு அது. உடம்பில் தேய்க்கிற பொருள் செல்லுபடியானது, வயிற்றுக்குள் போகிற பொருள் ஆகவில்லை. பயிற்சிக் கூட்டங்களில் "இங்க சாதி கிடையாது, எல்லாரும் டயமண்ட்தான்" என்பார்கள். உறவுகளை வைத்துச் செய்யும் வியாபாரம் என்றால், இந்த நாட்டில் அந்த உறவுகள் சாதிக்குள்தான் ஓடுகின்றன. மேல்சாதிக்காரரின் நெட்வொர்க்கில் மேலாளரும் மருத்துவரும் இருப்பார்கள். அக்காவின் நெட்வொர்க்கில் பதினைந்து கூலித் தொழிலாளிகளின் மனைவிகள் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே பிளானைக் காட்டி, ஒரே டார்கெட்டைக் கொடுத்து, "முயற்சி பண்ணினா யார் வேணும்னாலும் ஜெயிக்கலாம்" என்பது நியாயமான பேச்சா?

அம்பேத்கர் வாழ்க்கையிலேயே இதற்கு முன்னோடி இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்குப் பிறகு பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினார்கள். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவருக்கே அந்தக் கதி. சந்தை சாதியைக் கரைத்துவிடும் என்று மேடையில் சொல்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.

பத்து நிமிட மைக்

ஒரு வருடம் ஏப்ரல் 14 நெருங்கும்போது வேறொரு நிறுவனத்தின் ஆள் படிப்பகத்துக்கு வந்தார். நம் சமூகத்துக்காரர், கோட் போட்டவர், மரியாதையாகப் பேசினார். அம்பேத்கர் பிறந்தநாளுக்குப் பந்தல் செலவும், மாலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் நோட்டுப் புத்தகமும் தருவதாகச் சொன்னார். பதிலுக்கு அவர் கேட்டவை இரண்டு. விழாவில் பத்து நிமிடம் மைக். வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் வீட்டு போன் எண்கள்.

அன்றிரவு இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. வாங்கலாம் என்ற பக்கமும் பலமாகத்தான் இருந்தது. "கட்சிக்காரன்கிட்ட வாங்குறோம், கான்ட்ராக்டர்கிட்ட வாங்குறோம். நம்மாளு ஒருத்தன் மேல வந்து கொடுக்கும்போது மட்டும் கொள்கை பேசணுமா?" என்று ஒரு தம்பி கேட்டார். நோட்டு இல்லாத பிள்ளைகளை அவர்தான் தினமும் பார்க்கிறார், அதனால் அவர் கோபத்தை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பேசியது கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை. "அந்த நம்பரையெல்லாம் அவங்க அம்மா அப்பா நம்மகிட்ட எதுக்குக் கொடுத்தாங்க?" என்று கேட்டாள். பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்றால் கூப்பிட்டுச் சொல்வதற்காகக் கொடுத்தார்கள். வேறெதற்கும் கொடுக்கவில்லை. பிறகு விவாதிக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

மறுத்துவிட்டோம். அந்த வருட விழா சிறியதாக நடந்தது. நோட்டுப் புத்தகம் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் வாங்க முடிந்தது. மூன்று இளைஞர்கள் வருவதை நிறுத்தினார்கள். அதில் ஒருவர் சொல்லிவிட்டுப் போனது: "நம்ம ஜனங்க நாலு காசு பாக்கறதை நீங்களே தடுக்கறீங்க." முடிவில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் கேள்வி இன்னும் உறுத்துகிறது. வேண்டாம் என்று சொல்வது எளிது. வேலையில்லாத ஒருவருக்கு அது சோறு போடாது.

கணக்கும் சட்டமும்

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்கிறார், அந்த ஐந்து பேரும் தலா ஐந்து பேரைச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது வரிசை முடியும்போது மொத்தம் 97,655 பேர் சேர்ந்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி நெய்வேலி டவுன்ஷிப்பின் மக்கள்தொகையே கைக்குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 1.05 லட்சம். ஒன்பதாவது வரிசையில் 24 லட்சத்தைத் தாண்டும். கடலூர் மாவட்டம் முழுவதும் சேர்த்தாலே 26 லட்சம்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். சங்கிலி எந்த இடத்தில் நின்றாலும் சேர்ந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. அவர்கள் சோம்பேறிகள் என்பதால் தோற்கவில்லை, கணக்கே அவர்களைத் தோற்க வைக்கிறது. கடைசியில் சேருகிறவர் யார்? செய்தி கடைசியில் போய்ச் சேருகிற தெருவில் இருப்பவர்.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்தின் அதிகாரிகள் 2024 செப்டம்பரில் 70 எம்எல்எம் நிறுவனங்களின் வருமான அறிக்கைகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பெரும்பாலானோருக்கு ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்குக் குறைவாகவோதான் கிடைத்தது. குறைந்தது 17 நிறுவனங்களில் சேர்ந்தவர்களில் பெரும்பான்மையோருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. இவையெல்லாம் அந்த நிறுவனங்களே வெளியிட்ட கணக்குகள்.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஆள் சேர்ப்பதை நம்பிச் சுலபமாகப் பணம் வரும் என்று நடத்தும் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்கிறது. 2021 டிசம்பர் 28 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனை விதிகள் வந்தன. சேருவதற்கு நுழைவுக் கட்டணமோ சந்தாவோ வாங்கக் கூடாது. எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேண்டும். விற்பவர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும், முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. வேறு ஆட்களைச் சேர்த்துவிட்டால் கொடுத்த காசு திரும்ப வந்துவிடும் என்று ஆசை காட்டிப் பொருளை விற்கக் கூடாது. விற்பவர் செய்த தவறுக்கு நிறுவனமும் பொறுப்பு. நெட்வொர்க் கூட்டத்தில் இந்த விதிகளை யாராவது வாசித்துக் காட்டி நீங்கள் கேட்டதுண்டா?

2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை ஆம்வே இந்தியா நிறுவனத்தின் 757.77 கோடி ரூபாய் சொத்துகளை முடக்கியது. எம்எல்எம் என்ற பெயரில் பிரமிடு மோசடி நடப்பதாகக் குற்றம் சாட்டியது. விசாரணைக்கு ஒத்துழைப்பதாக நிறுவனம் சொன்னது. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு என்பதை மறக்க வேண்டாம். நேரடி விற்பனை என்றாலே மோசடி என்று நாங்கள் சொல்லவில்லை. சட்டத்தின் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளச் சொல்கிறோம்.

அந்தக் கோட்டுக்கு அப்பால் நடந்தவற்றைத் தமிழ்நாடு நிறையப் பார்த்துவிட்டது. ஆருத்ரா கோல்டு நிறுவனம் அதிக வட்டி ஆசை காட்டி, ஏஜெண்டுகள் மூலம் சுமார் ஒரு லட்சம் பேரிடம் ஏறத்தாழ 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக வழக்கு. அந்த ஏஜெண்டுகள் யார்? மாமா, சித்தப்பா, கூட வேலை பார்த்தவர், சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர். 2024 ஜனவரியில் கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். விளம்பரம் பார்த்தால் பணம் தருவதாகச் சொன்ன மைவி3 ஆட்ஸ் மீது காவல்துறை வழக்குப் போட்டதைக் கண்டித்து, நிறுவனத்துக்கு ஆதரவாகத் திரண்டவர்கள் அவர்கள். கூலி உயர்வுக்கு நாம் அழைத்தால் நூறு பேர் வருவதற்கே பாடுபடுகிறோம். அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பது நமக்கு அழகில்லை. போட்ட பணமும் பட்ட நம்பிக்கையும் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன என்பதைப் புரிந்துகொள்வதுதான் நம் வேலை.

சலவைத் தொழிலாளி ஒருத்தி நடத்திய கம்பெனி

அப்படியானால் மக்களை நடுவில் வைத்து இந்தத் தொழிலை நடத்தவே முடியாதா? நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பெண் நடத்திக் காட்டினார். மேடம் சி. ஜே. வாக்கர், 1867இல் லூசியானாவில் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். ஏழு வயதில் அநாதை, இருபது வயதில் விதவை. செயின்ட் லூயிஸ் நகரத்தில் துணி வெளுத்துப் பிழைத்தார். பிறகு கறுப்பினப் பெண்களின் கூந்தலுக்கான பொருள்களைச் செய்து, வீடு வீடாக ஏஜெண்டுகள் மூலம் விற்றார். 1910இல் இண்டியானாபொலிஸில் தொழிற்சாலை அமைத்தார். வீட்டு வேலையும் வெளுப்பு வேலையும் தவிர வேறு வழியே இல்லாத ஆயிரக்கணக்கான பெண்கள் அவரிடம் தொழில் கற்றுச் சொந்தக் காலில் நின்றார்கள்.

1917இல் பிலடெல்பியாவில் தன் ஏஜெண்டுகளின் மாநாட்டைக் கூட்டினார். அங்கே அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு இருந்தது. தங்கள் ஊரில் பொதுக்காரியத்துக்கு அதிகம் செய்தவர்களுக்கும் பரிசு இருந்தது. அதற்குச் சற்று முன்னால் ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் கறுப்பின மக்கள் படுகொலை செய்யப்பட்டிருந்தார்கள். கும்பல் கொலைகளைத் தடுக்கச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று அந்த மாநாட்டுப் பெண்கள் ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி அனுப்பினார்கள். விற்பனையாளர் கூட்டம் ஒன்று அரசியல் கோரிக்கை எழுப்பியது. நம் ஊர் கூட்டங்களில் வேங்கைவயல் என்ற பெயரை உச்சரித்துப் பாருங்கள், மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். "இங்க பாலிடிக்ஸ் வேண்டாம், பாசிட்டிவா பேசுவோம்" என்பார்கள்.

வாக்கர் மீது விமர்சனங்கள் உண்டு. கறுப்பினப் பெண்களை வெள்ளையர் போல மாறச் சொல்கிறார் என்று அவர் காலத்திலேயே சிலர் கண்டித்தார்கள். அவர் புனிதர் என்று நாங்களும் சொல்லவில்லை. தன் ஏஜெண்டுகளைக் குடிமக்களாகவும் பார்த்தார் என்பதுதான் இங்கே முக்கியம்.

இன்னொன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1959 மார்ச் மாதம் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் லிஜ்ஜத். உறுப்பினராகும் ஒவ்வொரு பெண்ணும் உரிமையாளர், லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு. நன்கொடை வாங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தார்கள். இன்று பல்லாயிரம் பெண்கள் அதில் இருக்கிறார்கள். அங்கே உங்கள் வருமானம் நீங்கள் இட்ட அப்பளத்திலிருந்து வருகிறது. நீங்கள் சேர்த்துவிட்ட பெண்ணின் பையிலிருந்து வருவதில்லை.

நல்லவர் இருந்தால் போதுமா

எங்கள் அக்காவிடம் திரும்புவோம். அவர் செய்ததைச் சொன்னால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். கை தட்டும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் ஏற்க வேண்டிய நஷ்டத்தை ஒரு பெண் தன் ஐந்து மாத உழைப்பால் ஏற்றார். நம் பெண்களின் தியாகத்தைப் புகழ்ந்துவிட்டு, அந்தத் தியாகத்தைத் தேவையாக்கிய ஏற்பாட்டை அப்படியே விட்டுவிடுவது பழைய வழக்கம். நேர்மையான தலைமை என்பது நேர்மையான ஒரு ஆள் கிடைப்பதைப் பொறுத்தது மட்டும் என்றால், அந்த ஆள் களைத்துப் போகும் நாளில் அது முடிந்துவிடும். நோட்டு, எல்லோரும் பார்க்கும் கணக்கு, திருப்பிக் கொடுக்கும் வழி, இல்லை என்று சொல்லும் உரிமை ஆகியவை ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்ததும் இதைத்தான் தொட்டது. அரசியலில் தனிமனித பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் கொண்டுபோகும் என்றார் அவர். நெட்வொர்க் மேடையில் காரின் படத்தைக் காட்டி ஒருவரைத் தோளில் தூக்குவதும், நம் மேடையில் ஆளுயர மாலை போடுவதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, யார் உங்களை எதில் சேரச் சொன்னாலும் சில கேள்விகள் கேளுங்கள். உங்கள் வருமானம் பொருளை வாங்கி உபயோகிக்கிறவரிடமிருந்து வருகிறதா, உங்களுக்குப் பின்னால் சேருகிறவரிடமிருந்து வருகிறதா? உங்களைச் சேர்த்தவர் தன் உண்மையான வரவு செலவைக் காட்டுவாரா? விற்காத பொருளை யார் திருப்பி எடுப்பார்கள், எத்தனை நாளுக்குள்? விலகினால் உங்களோடு பேசுவார்களா, தோற்றவன் என்று ஒதுக்குவார்களா? சங்கிலி அறுந்தால் முதலில் நஷ்டப்படுவது தலைவரா, கடைசியில் சேர்ந்தவரா? கடைசிக் கேள்விக்கான பதிலில் தலைமையின் தரம் தெரிந்துவிடும்.

இதே கேள்விகளை எங்களிடமும் கேளுங்கள். சந்தாப் பணம் எங்கே போனது, வழக்கு என்று வந்தால் முதலில் சிறைக்குப் போவது யார், கேள்வி கேட்டவர்கள் இன்னும் கூட இருக்கிறார்களா என்று கேளுங்கள். படிப்பகத்தின் கணக்கு நோட்டு மேசை மேல்தான் இருக்கிறது. அதை இப்போது எழுதுகிறவர் அந்த அக்காதான். பெண்கள் குழுவோடு சேர்ந்து, இடைத்தரகர் இல்லாமல் முந்திரிப் பருப்பு வாங்கிப் பொட்டலம் போட்டு வட்டங்களில் விற்கும் முயற்சியையும் தொடங்கியிருக்கிறார். சிறிய முயற்சிதான். யாரையும் சேர்த்துவிட்டதற்காக அதில் காசு கிடையாது. கோபித்துக்கொண்டு போன மூன்று பேரில் ஒருவர் வாரம் இரண்டு நாள் தன் டிவிஎஸ் எக்ஸெல்லில் மூட்டை கொண்டுவந்து இறக்குகிறார். அவர் கேட்ட கேள்விக்கு இது பாதி பதில்கூட இல்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட வேண்டாம். ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வங்கிப் பதிவு எதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுத வேண்டும் என்றால் எந்த ஞாயிற்றுக்கிழமை மாலையும் படிப்பகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே அந்தத் தாளை எடுத்துவந்தால் இன்னும் நல்லது.

ஜெய் பீம்.